இன்னும் யாரும் வெளியே போகவில்லை

சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் தொலைக்காட்சிகளுக்குப் போட்டி நிகழ்ச்சிகள் தயாரித்துக் கொடுக்கிறது. புதிதாக என்ன செய்யலாம் என்று திங்கட்கிழமைகளில் உட்கார்ந்து பேசுவோம். ஒரு குடும்பத்தைக் கண்ணாடி அறைக்குள் பூட்டிவிட்டு, பதில் சொல்லச் சொல்லக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. படிக்கட்டில் ஆட்களை நிறுத்தி, பதில் தப்பானால் ஒரு படி கீழே இறக்குவது. போட்டியாளர் சொல்வது நிஜமா பொய்யா என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்வது. எந்த யோசனையாக இருந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். "சரி, வெளியே போறவங்களை எப்படி அனுப்புறோம்?" தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைக்கலாம் என்பார் ஒருவர். காலுக்குக் கீழே தரை திறக்கட்டும் என்பார் இன்னொருவர்.

எனக்கு அப்போதெல்லாம் ஆபாவின் நினைவு வரும்.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஆம்பூரில் எங்கள் தெருவில் உருது பேசுகிறவர்கள் பாதி, நாங்கள் பாதி. ஆனால் அவள் எல்லோருக்கும் ஆபாதான். என் அம்மாவும் அவளை ஆபா என்பாள், நானும் ஆபா என்பேன். தபால்காரர்கூட வாசலில் நின்று "ஆபா" என்றுதான் குரல் கொடுப்பார். அவளோ யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நான் வாணியம்பாடியில் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குக் "காலேஜு" என்று பெயர். "ஏ காலேஜு, இங்க வா. இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு."

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி வாசலை மிதித்தவளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் ஈரத் தோலைச் சுமந்தார். அம்மா வீட்டிலிருந்தே ஷூ தைத்தாள். கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் மூட்டையாக எங்கள் தெருவுக்கு வரும். ஷூவின் மேல்பாகத்தைக் கைஊசியால் தைத்துக் கொடுக்க வேண்டும். அதை அப்பர் என்போம். தெருவிலேயே பெரிய டிவி ஆபா வீட்டில் இருந்ததால், தைக்கிற பெண்கள் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். கண் ஊசியில், காது டிவியில்.

அந்தக் கூடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையைப் பிரித்ததும் ஆளுக்கொரு குவியல். தன் குவியலை முடித்துவிட்டேன் என்று யாரும் எழுந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவளின் குவியலில் கையைப் போட்டு, கொஞ்சத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கேட்கவும் கூடாது, நன்றி சொல்லவும் கூடாது. கம்பெனி வண்டிக்காரர் தைத்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடுப்பார். ஒருத்தி குவியல் மிச்சமிருந்தால் மொத்த மூட்டையும் நின்றுபோகும். அப்படித் தொடங்கிய வழக்கம், பிறகு வண்டி வராத நாட்களிலும் அப்படியே நடந்தது. கடைசி அப்பரின் கடைசி முடிச்சு விழுந்த பிறகு எல்லோரும் ஒன்றாக எழுந்து, மடியிலிருக்கும் நூல் துணுக்குகளை உதறுவார்கள்.

ஆபாவின் கை அந்தக் கூடத்திலேயே வேகமான கை. நூலை இழுத்து இழுத்து விரல் அறுந்துவிடாமல் இருக்க, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய கறுப்பு வளையம் ஒன்றை ஆள்காட்டி விரலில் மாட்டியிருப்பாள். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவாள். சில நேரம் அதையும் மறந்துவிடுவாள்.

ஏழரை மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பிக்கும். அதற்கு முன்பு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது ஆபா டிவியின் சத்தத்தை அமர்த்திவிட்டு உள்ளே தொழப் போவாள். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "எல்லாரும் இருக்காங்களா?"

டிவியில் இருக்கிற போட்டியாளர்களைத்தான் கேட்பாள்.

அவளுக்கு ஒருவர் வெளியேறுவதைப் பார்க்க முடியாது. பாட்டுப் போட்டியோ, சமையல் போட்டியோ, கேள்வி பதிலோ, எதுவானாலும் பார்ப்பாள். ஆனால் தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தி, விளக்குகள் மங்கி, "இந்த வாரம் நம்மை விட்டுப் பிரியப்போவது..." என்று ஆரம்பித்ததும் ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு வேலையும் இருக்காது. பாத்திரத்தைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கிருந்தே குரல் வரும்.

"போய்ட்டாளா?"

முன்பெல்லாம் பதில் சொல்வது அவள் தம்பியின் வேலை. அவன் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பான். அந்த டிவியே அவன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்டதுதான். போட்டி நிகழ்ச்சிப் பைத்தியத்தில் அவன் அக்காவுக்குக் குறைந்தவன் கிடையாது.

"இல்ல ஆபா, இருக்கா" என்பான். கண்முன்னால் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம். ஆபா நிம்மதியாகத் திரும்பி வந்து தைப்பாள். அடுத்த நாள் உண்மை தெரிந்ததும் அவன் முதுகில் ஓர் அப்பரால் அடி விழும். "பொய்க்காரப் பய!" அடுத்த வாரம் மறுபடியும் சமையலறையிலிருந்து கேட்பாள், அவன் மறுபடியும் பொய் சொல்வான், அவளும் மறுபடியும் நம்புவாள்.

வென்றவர்கள் யாரையும் ஆபாவுக்கு நினைவிருக்காது. கோப்பையை வாங்கிக் கட்டிப்பிடித்து அழுகிற கட்டம் வரும்போது கொட்டாவி விடுவாள். வெளியே போனவர்களை மட்டும் ஒருவர் விடாமல் நினைவு வைத்திருப்பாள். மழை பெய்கிற சாயங்காலம், தைத்துக்கொண்டே இருப்பவள், திடீரென்று, "அந்த தர்மபுரிப் பொண்ணு கால சுளுக்கிக்கிட்டுப் போச்சே, இப்ப சரியாச்சோ இன்னாவோ" என்பாள். எந்த தர்மபுரிப் பெண் என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள், "அது வீட்டுல மாடி கட்டணும்னு சொல்லிச்சு" என்று பெருமூச்சு விடுவாள்.

ஒருமுறை அவளோடு வாணியம்பாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பஸ் நிலையத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்க டிவில வந்தவர்தானே?"

அவர் கையிலிருந்த உறைகளைக் கீழே வைத்தார். "என்னையாம்மா சொல்றீங்க?"

"ஆமா. பச்சை சட்டை போட்டுக்கினு வந்தீங்க. ஏதோ ஒரு ஆத்தோட பேரச் சொல்லச் சொன்னாங்க."

"நான் முதல் ரவுண்டுலயே போய்ட்டேன்மா."

"அதான் ஞாபகம் இருக்கு" என்றாள் ஆபா. "நீங்க சொல்ல வாயெடுத்தீங்க. அதுக்குள்ள மணி அடிச்சிட்டான். நான் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்."

அந்த மனிதர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னால் அழுதுவிடுவார்போல இருந்தது. நாங்கள் பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ரம்ஜானுக்கு மறுநாள் தெருப் பிள்ளைகளுக்கு ஆபா ஆட்டம் வைப்பாள். நாற்காலி ஆட்டம்தான். பாட்டு நின்றதும் உட்கார வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாற்காலி குறையும். எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஆனால் ஆபா நாற்காலியை மட்டும்தான் எடுப்பாள், ஆளை எடுக்க மாட்டாள். இடம் கிடைக்காத பிள்ளை இன்னொரு பிள்ளையின் மடியில் உட்கார வேண்டும். கடைசியில் ஒரே ஒரு நாற்காலியில் மொத்தத் தெருவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தும். ஒரு வருஷம் நாற்காலியின் கால் முறிந்து எல்லோரும் விழுந்தார்கள். அதில் எல்லோருமே ஜெயித்துவிட்டதாக அறிவித்து ஷீர்குர்மா பாயசம் ஊற்றினாள்.

எல்லா நிகழ்ச்சிகளையும்விட அவளுக்கு மிகவும் பிடித்தது, இன்னும் ஆரம்பிக்காத நிகழ்ச்சி. விளம்பர இடைவேளையில் "விரைவில்" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். போட்டியாளர்கள் எல்லோரும் புதுத் துணியில் வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அப்போது மட்டும் ஆபா தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"பாரு காலேஜு, எவ்ளோ பேரு! இன்னும் யாரும் போகல."

இப்படிப்பட்டவள்தான் தன் தம்பியை வெளியே அனுப்பினாள்.

அவன் டேனரி வேலையை விட்டுவிட்டு, அதைச் சொல்லாமல் மறைத்து, தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ரயில் நிலையத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். தோல் நாற்றம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல். அதைச் சொல்ல வெட்கம். விஷயம் ஆபாவுக்குத் தெரிந்தபோது கூடம் நிறையப் பெண்கள் இருந்தோம், டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஆபாவுக்கு ஆத்திரம். அந்தச் சமயத்தில் எங்கிருந்துதான் அது வாயில் வந்ததோ, தொகுப்பாளர் மாதிரியே குரலைத் தாழ்த்தி, கையை நீட்டி வாசலைக் காட்டி, "உங்கள் பயணம் இங்கே முடிகிறது" என்றாள்.

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு அச்சு அசலாக இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று ஆபா தட்டை எடுத்து வைத்திருந்தாள். பெங்களூரில் ஒரு பை தைக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கல்யாணமும் அங்கேயே ஆனது. ஆபா போன் பண்ணினால் எடுக்க மாட்டான்.

அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து "போய்ட்டாளா?" என்று கேட்டால் பொய் சொல்ல ஆள் இல்லை. என் அம்மாவுக்குப் பொய் வராது. "போய்ட்டா ஆபா. வந்து உக்காரு, வேலை கெடக்குது" என்பாள்.

நான் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு புதிய நிகழ்ச்சிக்கான விளம்பரம் வந்தது. ஊர் ஊராக வந்து எடுக்கப்போகிறார்கள். ஜோடியாக வர வேண்டும். ஒருவர் மூளை, ஒருவர் கை. மூளை கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் கைக்கு ஒரு தட்டு வேலை வரும். முதலில் முடித்து மணியை அழுத்தும் ஜோடி அடுத்த சுற்றுக்குப் போகும். ஜெயித்த ஜோடி கேமராவைப் பார்த்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் ஆபாவின் ஊசி நின்றது.

"காலேஜு, நீ மூளை. நான் கை. போலாமா?"

"எதுக்கு ஆபா?"

"அவன் என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான். டிவில நான் வந்தா ஆஃப் பண்ணுவானா? ஒரு போட்டி புரோகிராமையும் வுட மாட்டான் அவன்." அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒரே ஒரு வார்த்தைடி. அது போதும்."

வேலூரில் சத்துவாச்சாரிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆள் தேர்வு நடந்தது. நான் பதில் சொன்ன வேகத்தையும் ஆபா பொத்தான் கோர்த்த வேகத்தையும் பார்த்து உடனே எங்களை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அதே மண்டபத்தில் படப்பிடிப்பு. அந்த ஒரு வாரமும் கூடத்தில் ஒரே பேச்சுதான்.

"இன்னா ஆபா சொல்லப்போற? எழுதி வச்சிக்கோ, மறந்துடப்போற" என்றாள் அம்மா.

"எழுதுறதுக்கு இன்னா இருக்கு? தம்பி, சாப்புட வாடா. அவ்ளோதான்."

"டிவில போய் இவ்ளோதானா?"

"ஜாஸ்தி பேசினா அழுதுடுவேன்."

ஒரு பெண், "மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ" என்றாள். ஆபா கையிலிருந்த அப்பரில் முடிச்சுப் போட்டாள். "சாப்புட வாடான்னா அதுல அது இருக்குது" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

படப்பிடிப்பு அன்று ஆபா தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையிலிருந்த வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாள், வேலைக்கு இடைஞ்சல் என்று. டியூப் வளையம் மட்டும் விரலில் இருந்தது. எங்களுக்கு எதிர் ஜோடி ஆற்காட்டிலிருந்து வந்த மாமியாரும் மருமகளும். மருமகள் மூளை, மாமியார் கை. அந்த அம்மா தொகுப்பாளருக்குக் கொடுக்க மக்கன் பேடா இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

விளக்குகள் எரிந்தன. கேள்விகள் வந்தன. எனக்குப் பெருமையாகச் சொல்ல ஒரு விஷயம் உண்டு என்றால் இதுதான்: ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. தட்டு மேல் தட்டாக ஆபாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பொத்தான்களை நூலில் கோர்த்து முடிச்சுப் போட வேண்டும். அவள் கை தெரியவே இல்லை, பொத்தான்கள் தாமாக நூலில் ஏறுவதுபோல இருந்தது. கடைசித் தட்டும் முடிந்தது. மணி அவளுக்கு எட்டும் தூரத்தில், சிவப்பாக, அவள் முன்னாலேயே இருந்தது.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீண்டது. மணிப் பக்கம் போகவில்லை.

பக்கத்து மேஜையில் ஆற்காட்டு அம்மாவுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஊசியின் காது அவருக்குத் தெரியவில்லை. தட்டில் பொத்தான்கள் அப்படியே கிடந்தன. ஆபா கையைப் போட்டு அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த அம்மாவிடம் ஏற்கெனவே கோர்த்த ஊசியை ஒன்று நீட்டினாள். இருவரும் தலை குனிந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள்.

"ஆபா! மணி! மணி அழுத்து!" என்று நான் கத்தினேன். மூளையையும் கையையும் பிரித்து வைத்திருந்ததால் எனக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி.

பார்க்க வந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தொகுப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா! அவங்க எதிரணிம்மா!"

ஆபா நிமிரக்கூட இல்லை. "இருங்க பாய், தீந்துடும்" என்றாள்.

தீர்ந்தது. ஆற்காட்டு அம்மா, தட்டு காலியானால் சிவப்பு மணியை அழுத்த வேண்டும் என்று மருமகள் சொல்லி அனுப்பியதை அப்படியே செய்தார். மணி அடித்தது. ஆபா மடியை உதறிக்கொண்டு எழுந்தாள், எல்லோரும் எழுந்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

தொகுப்பாளர் அவள் அருகில் வந்தார். விளக்குகள் மங்கின. அவர் குரலைத் தாழ்த்தி, கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

"உங்கள் பயணம் இங்கே முடிகிறது."

சமையலறைக்குப் போய் ஒளிந்துகொள்ள அங்கே வழியில்லை. அவள் அந்த நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். வாசல் வலதுபுறம் இருந்தது, அவள் இடதுபுறம் போனாள். ஒரு பெண் வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

வெளியே ஆற்காட்டு அம்மா ஓடி வந்தார். அழுதார். மக்கன் பேடாப் பெட்டியை ஆபாவின் கையில் திணித்து, "எனக்கு மணி அழுத்தணும்னுதான் தெரியும்மா, வேற ஒண்ணும் தெரியாது" என்றார். ஆபா அவர் கண்களைத் துடைத்துவிட்டாள். "அடுத்த ரவுண்டுல ஊசிய வெளிச்சத்துக்கு நேரா புடிங்க. கை நடுங்கினாலும் காது தெரியும்" என்று சொல்லி அனுப்பினாள்.

ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டித்தான் கேட்டேன்.

"ஏன் ஆபா அழுத்தல? உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"அவங்க குவியல் தீரலயே." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கைமேல் அவளுக்கே கோபம் வந்ததுபோல இருந்தது. "தம்பிய நெனச்சிக்கினுதான் உக்காந்திருந்தேன். கை மட்டும் கூடத்துலயே இருந்துச்சு."

மாதனூர் வந்தபோது, மடியிலிருந்த பெட்டியைத் தடவிக்கொண்டே, "அந்த வார்த்தை காதுல வுழுந்தா கால் எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியல காலேஜு" என்றாள். "அவனும் வாசல் தெரியாமத்தான் போயிருப்பான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் வரும்வரை விடவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று கூடத்தில் நிற்க இடமில்லை. எங்களைக் காட்டவே இல்லை. நான் சொன்ன பதில்கள் எல்லாம் போய்விட்டன, ஆபாவின் முகமும் போய்விட்டது. அவள் கை மட்டும் வந்தது. கறுப்பு டியூப் வளையத்தோடு ஒரு கை பக்கத்து மேஜைக்கு நீளும், பொத்தான்களை இழுக்கும். அதை முன்னும் பின்னும் ஓட்டி, 'டொய்ங்' என்று சத்தம் சேர்த்து, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மண்டபமே சிரித்தது.

"இன்னா மனுசங்க இவனுங்க!" என்று அம்மா கொதித்தாள்.

ஆபாவோ, "என் கை நல்லாத்தான் நடிச்சிருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் பாத்திரம் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்போது டிவியில் யாரும் வெளியேறவில்லை, விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். பாட்டுப் போட்டியில் கடலூர்ப் பெண் ஒருத்தி அபாயத்தில் இருந்தாள். தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தினார், ஆபா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள், தெரு முழுக்கக் கரண்ட் போனது. "சனியன் புடிச்ச கரண்ட்டு!" என்று யாரோ இருட்டில் கத்தினார்கள். மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆபாவின் போன் அடித்தது.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள், கையில் மெழுகு தடவிய நூல் ஒட்டியிருந்ததால். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு டிவி ஓடும் சத்தம் கேட்டது. எங்களுக்குத் தெரிந்த அதே இசை, அதே தொகுப்பாளரின் குரல். பெங்களூரில் கரண்ட் இருந்தது.

ஆபா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த அந்த வாக்கியத்தை இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவர்கள் பேசுவது உருது, எனக்குப் புரியும். அவள் கேட்டது இதுதான்.

"அந்தக் கடலூர்ப் பொண்ணு போய்ட்டாளா?"

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. ஒரு இருமல் கேட்டது.

"இல்ல ஆபா. இருக்கா."

ஆபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனே பேசினான். "மொத்த பெங்களூரும் உன் கையப் பாத்து சிரிக்குது. நான் அந்த டியூப பாத்ததும் எழுந்து நின்னுட்டேன். மணிய அழுத்தணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சும் அடுத்தவ குவியல்ல கைய வச்சியா? மாறவே மாட்டியா நீ?"

"நீ சாப்புட்டியா?" என்று கேட்டாள் ஆபா.

மறுநாள் மதியம் அந்தப் பாட்டுப் போட்டி மறுஒளிபரப்பானது. எனக்குக் கல்லூரி விடுமுறை. கூடத்தில் என் அம்மா பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள் ஆபா. விளக்குகள் மங்கின. தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். நான் அவசரமாக ரிமோட்டை எடுக்கப் போனேன்.

"வுடு" என்றாள்.

எழுந்து போகவில்லை. கடலூர்ப் பெண் பெயரைத்தான் சொன்னார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் கட்டிப்பிடித்து, பெட்டியை உருட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் நடந்து, திரும்பி ஒருமுறை கையசைத்துவிட்டுப் போனாள். ஆபா அத்தனையையும் கண் எடுக்காமல் பார்த்தாள். அவள் அதை முழுதாகப் பார்த்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தியாடி? பொய்க்காரப் பய."